மழை நேரத்துக்கு மட்டும்

இனிமேல் நடக்கப்போகிற கதை இது. ஆனாலும் நடந்து முடிந்த மாதிரிதான் சொல்லப்போகிறேன். அப்படிச் சொன்னால்தான் கேட்கிறவர்களுக்கு வாகாக இருக்கும்.

அந்தக் காலத்தில், தீராத நோய் வந்தவர்களை உறங்க வைக்கிற வைத்தியம் ஒன்று வந்திருந்தது. மருந்து கண்டுபிடிக்கிற வரைக்கும் உறக்கம். மலைமேல் ஒரு துயில் இல்லம் கட்டி, இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் பேழைகளில் படுக்க வைத்திருந்தார்கள். உடம்பைக் குளிர வைத்து, இருதயம் நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை துடித்தால் போதும் என்கிற அளவுக்கு மெதுவாக்கிவிடுவார்கள். பேழையைத் திறந்தால் உறக்கம் கலையும். கலைந்தால் நோயும் கூடவே எழுந்துகொள்ளும். அதனால் எழுப்புகிற நாள் வரைக்கும் நர்ஸுகள்கூடத் திறக்க மாட்டார்கள். மேஜைமேல் இருக்கிற திரையில் பார்ப்பதோடு சரி.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் அதே திரைதான். உறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வலைப்பக்கம். பெயர், படுக்கை எண், அதற்குக் கீழே தரையோடு தரையாகப் போகிற ஒரு பச்சைக் கோடு. நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கோடு எழும்பி, ஒரு சின்ன மலை மாதிரி நின்று, இறங்கிப் படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். அந்த ஒரு துடிப்பைப் பார்த்த பிறகுதான் அந்த வீடுகளில் காப்பிக்கே பால் வைப்பார்கள்.

அம்பாசமுத்திரத்தில் ஆவுடையப்பன் என்று ஒரு பஸ் டிரைவர். அவர் மனைவி பகவதிக்கு நூற்றுப் பதினெட்டாம் படுக்கை. ரத்தத்தில் வந்த நோய். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் உறங்கப் போனவள்; பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஆவுடையப்பன் ஓட்டியது, காலை ஆறு பத்துக்குத் திருநெல்வேலிக்குக் கிளம்புகிற பஸ். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் செல்போனைச் சாய்த்து வைத்து, ஒரு துடிப்பு பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். தினமும் வருகிறவர்களுக்கு அது பழகிப்போயிற்று. கண்டக்டரும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதாமல் நிற்பார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், வேலையில் சேரப் போகிறவர்கள் எல்லாரும் முன்னால் வந்து, பகவதி அத்தை துடிக்கும்போது ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். சாகாமல் காத்துக் கிடக்கிற ஒருத்தியின் துடிப்பைக் கையில் வைத்திருந்தால் போகிற காரியம் நல்லபடியாக முடியும் என்று அந்தப் பஸ்ஸில் எப்படியோ ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

அவரை அங்கே விட்டுவிட்டு, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மாடிக்கு வாருங்கள். அங்கே உலகம்மை என்று ஒரு பெண், முப்பது வயது, வலைப்பக்கங்கள் எழுதுகிற வேலையில் இருந்தாள்.

துயில் இல்லத்தின் பக்கங்கள் இருபது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு ஃபிரேம்வொர்க்கில் எழுதப்பட்டவை. திரையில் தெரிகிறதைத் தாங்கி நிற்கிற சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டத்தைப் பராமரித்து வந்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள். ஆகவே எல்லாப் பக்கங்களையும் புதிய ஃபிரேம்வொர்க்குக்கு மாற்ற வேண்டியிருந்தது. உலகம்மைக்கு மேலே இருந்தவர் மேலப்பாளையம் ரசாக். அவர் ஒரு முறை வைத்திருந்தார். பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் அருகருகே ஓடவிட்டு, கணினியை ஒப்பிடச் சொல்வார். இரண்டும் ஒன்றாக இருந்தால் பச்சை விளக்கு, வேறாக இருந்தால் சிவப்பு. சிவப்பு வந்தால் குற்றம் எப்போதும் புதியதன் மேல்தான்.

"பழசு இருபது வருஷம் நின்னு காட்டியாச்சு உலகம்மை. அது காட்டுறதுதான் சரி. நீ ரொம்ப யோசிக்காத, பச்சையாக்கு" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருநூற்றுப் பதினொரு பச்சை, ஒரே ஒரு சிவப்பு. நூற்றுப் பதினெட்டு. பழைய பக்கத்தில் துடிப்பு வந்தது. புதிய பக்கத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. உலகம்மை தோண்டிப் பார்த்தாள். மலையிலிருந்து தகவல் வராதபோது, பழைய பக்கம் கடைசியாக வந்த துடிப்பையே எடுத்துத் திரும்ப வரைந்துகொண்டிருந்தது. புதியதற்கு அந்தப் பழக்கம் இல்லை. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். அவள் ஏழு வரி எழுதினாள். தகவல் வராவிட்டால், கடைசியாக வந்ததையே வரை. சிவப்பு பச்சையாயிற்று. அந்த ஒரு படுக்கையிலிருந்து மட்டும் ஏன் தகவல் வரவில்லை என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. மலையில் லைன் போயிருக்கும் என்று நினைத்தாள். கீழே இறங்கி, இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவளை ஒன்றும் சொல்லாதீர்கள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் வீட்டுக்குத்தான் போயிருப்பார்கள்.

எட்டு மாதம் கழித்து மருந்து வந்தது. எழுப்ப வேண்டியவர்களின் முதல் பட்டியலிலேயே பகவதி பெயர் இருந்தது. ஆவுடையப்பன் வீட்டுக்கு வெள்ளையடித்தார். உறக்கத்தில் இருந்தவர்களுக்கு வயது ஏறியிருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து, தலைக்கு மை போட்டுக்கொள்ளலாமா என்று பஸ்ஸில் வருகிறவர்களிடமெல்லாம் யோசனை கேட்டார்.

"போட்டுருங்க அண்ணாச்சி. நரையோட போய் நின்னா, அத்தை உங்களை அவங்க அப்பான்னு நெனச்சிரும்" என்று ஒரு கல்லூரிப் பெண் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். மறுநாள் மை போட்டுக்கொண்டு வந்தார்.

பேழையைத் திறந்தார்கள். பகவதி இறந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. எவ்வளவு காலம் என்று டாக்டர்களால் சொல்ல முடியவில்லை; அந்தக் குளிரில் உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காது. இல்லத்தின் கணினி தொண்ணூறு நாள் கணக்கை மட்டுமே வைத்திருக்கும். தொண்ணூறு நாளும் வெறுமை. கடிதத்தில் இறந்த தேதி என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆவுடையப்பன் வண்ணார்பேட்டை மாடிப்படி ஏறி வந்தார். பக்கத்தை மாற்றி எழுதியவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று இல்லத்தில் யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள்.

உலகம்மை அதற்குள் பழைய நிரலை இன்னொரு தடவை பிரித்துப் பார்த்திருந்தாள். முதல் தடவை அவசரத்தில் கண்ணில் படாத ஒரு குறிப்பு அந்த இடத்துக்கு மேலே இருந்தது. மழை நேரத்துக்கு மட்டும். மலையில் மழை பெய்தால் லைன் அறுந்துபோகும். ஆரம்ப காலத்தில் அப்படி ஒரு நாள் கோடு வெறுமையானதைப் பார்த்து ஒரு தாய் மயங்கி விழுந்திருக்கிறாள். இரக்கப்பட்டு யாரோ செய்து வைத்த ஏற்பாடு அது. எவ்வளவு நேரம் வரைக்கும் என்று எழுத மறந்துவிட்டார், பாவம். கடைசித் துடிப்பு எப்போது வந்தது என்றும் குறித்து வைக்கவில்லை. லைன் அறுந்தாலும் மலையிலிருந்து ஒன்றும் வராது. இருதயம் நின்றாலும் ஒன்றும் வராது. பக்கத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த ஆள் வந்தால் ஒன்றும் பேசாதே, இல்லத்தோடு பேசிக்கொள்ளட்டும் என்று ரசாக் எச்சரித்திருந்தார். ஆவுடையப்பனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு உலகம்மையால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"நீங்க என்னம்மா மாத்துனீங்க? எனக்குப் புரியுத மாதிரி சொல்லுங்க" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"பஸ்ஸுக்கு இன்ஜினை அப்படியே வச்சுக்கிட்டு, பாடியை மட்டும் புதுசாக் கட்டுவாங்கள்லா அண்ணாச்சி, அந்த மாதிரி. உள்ள இருக்கிறதைத் தொடலை. வெளிய தெரியுறதை மட்டும் வேற சட்டத்துல கட்டுனோம்."

"சரி. பட்டறையில பழைய ஜன்னலை அளவெடுத்து அதே மாதிரிதான் புதுசையும் வைப்பான்."

"அப்படித்தான் வச்சோம். பழைய ஜன்னல்ல ஒண்ணுல கண்ணாடிக்குப் பதிலா ஒரு படம் ஒட்டியிருந்துச்சு. அதைப் பார்த்தேன் அண்ணாச்சி. எதுக்கு ஒட்டியிருக்குன்னு கேக்கலை. புதுசுலயும் அதே மாதிரி ஒட்டிட்டேன். அன்னைக்குக் கேட்டிருந்தா, எட்டு மாசத்துக்கு முன்னாலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் கத்தவில்லை. கடிதத்தை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மொதல்ல எல்லாம் எப்ப துடிப்பான்னு சொல்ல முடியாது தாயி. ஆறு பதினொண்ணுக்கு வரும், சில நாள் பதினாலுக்கு வரும். பொறவு ஒரு சீருக்கு வந்துட்டு. டாண்ணு ஆறு பன்னெண்டு. ஒரு நாள் பிசகலை." மடித்த கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "அவ ஒடம்பு தேறி வருதுன்னு நெனச்சேன்."

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பகவதி செத்த நாள். திதி கொடுக்க வேண்டும். நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுத்துவிடலாம், அதற்கும் வழி இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

"எங்கயோ தொலைஞ்சு போனவங்களுக்குக் கொடுக்குத மாதிரி அவளுக்கு நான் கொடுக்கணுமா? தினமும் நான் ஒருத்தன் பார்த்துட்டுத்தானே இருந்தேன்? எனக்கு நாள் வேணும்."

கண்டுபிடித்துத் தருகிறேன் என்று உலகம்மை வாக்குக் கொடுத்தாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் அந்த ஏழு வரிகளை எடுத்துவிட வேண்டும் என்று ரசாக்கிடம் போய் நின்றாள். எடுத்தால் மழை வந்ததும் இருநூறு வீட்டிலும் ஒப்பாரி எழும் என்றார் அவர். தகவல் வரவில்லை என்று அந்த இடத்தில் எழுதிக் காட்டுவோம் என்றாள் இவள். வெகுநேரம் பேசிய பிறகு எடுத்தார்கள். மலையில் அன்று மழை இல்லை. ஆனாலும் இன்னும் இரண்டு பக்கங்கள் வெறுமையாக நின்றன. அந்த இரண்டு குடும்பங்களுக்கும் இல்லத்துக்காரர்கள் சொல்லட்டும் என்று விடாமல் ரசாக்கே போன் செய்தார். இரண்டாவது போனை வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனவர், அன்று திரும்பி வரவில்லை.

நாளைக் கண்டுபிடிக்க வழி ஆவுடையப்பனிடமே இருந்தது. வருஷா வருஷம் கல்யாண நாளன்று பகவதியின் துடிப்பை அவர் படம் எடுத்து வைத்திருந்தார். பதினோரு படம். உலகம்மை அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். முதல் ஐந்தும் வெவ்வேறு. பார்வைக்கு ஒன்று போலத் தெரிந்தாலும், ஏறுகிற இடத்தில், இறங்குகிற இடத்தில் மயிரிழை மாறும். ஆறாவதிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே படம். ஆக, பகவதி போய் ஆறு வருஷம்.

அந்த ஐந்தாம் படத்துக்கும் ஆறாம் படத்துக்கும் நடுவில் எந்த நாள்? ஆவுடையப்பன் பஸ்ஸில் போட்டோ எடுத்தவர்களைத் தேடிப் புறப்பட்டார். பரீட்சைக்குப் போன பிள்ளைகள் இப்போது சென்னையில் வேலையில் இருந்தார்கள், ஒருத்தி பிள்ளை பெற்றிருந்தாள், ஒருவன் போலீஸ்காரன் ஆகியிருந்தான். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பழைய போனை எல்லாம் தேடி எடுத்துத் தேதியோடு அனுப்பினார்கள். நாற்பத்து மூன்று படங்கள் வந்தன. வைத்துப் பார்க்கப் பார்க்க நாள் நெருங்கி வந்தது. ஆவணி இரண்டாம் வாரம் எடுத்த படம் வேறு. நாலாம் வாரம் எடுத்ததிலிருந்து எல்லாம் ஒன்று. நடுவில் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளில் எடுத்த படம் யாரிடமும் இல்லை.

"ஒருத்தங்ககிட்ட இருக்கும்" என்றார் ஆவுடையப்பன், தயங்கித் தயங்கி. "நான் போய்க் கேக்க முடியாது."

அவள் பெயர் இராசகனி. அப்போது பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுக்கிற வேலை. அந்தப் பஸ்ஸில் முன் சீட்டில் வருவாள். பகவதி உறங்கப் போய் ஐந்து வருஷம் ஆகியும் தம்பி இப்படித் தனியாகக் கிடக்கிறானே என்று ஆவுடையப்பனின் அக்கா மாடத்தி அவளிடம் பேசியிருக்கிறாள். இராசகனிக்குச் சம்மதம். ஆவுடையப்பனுக்கும் அவள்மேல் மனசு இல்லாமல் இல்லை. அதை உலகம்மையிடம் அவர் மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு காலையில் போனை அவள் பக்கம் திருப்பி, "பாருங்க, துடிக்கா. துடிக்கிறவளை வச்சுக்கிட்டு நான் எப்படி?" என்று சொல்லிவிட்டார். அந்தத் துடிப்பையே படம் எடுத்து, மன்னித்துவிடுங்கள் என்று எழுதி அவளுக்கு அனுப்பியும் வைத்தார். இரண்டு மாதம் கழித்து அவள் வேறு பஸ்ஸுக்கு மாறிப்போனாள்.

உலகம்மை விசாரித்துக்கொண்டு தென்காசிக்குப் போனாள். இராசகனி இப்போது அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தாள். கல்யாணமாகி, நாலு வயதில் ஒரு மகள். சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பகவதி விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதால் அதைப் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இராசகனி போனில் இரண்டு படங்களைத் தேடாமலே எடுத்தாள்.

"இது புதன்கிழமை. நான் எடுத்தது. அன்னைக்குத்தான் மாடத்தி அக்கா எங்க வீட்டுல வந்து பேசுறதா இருந்துச்சு. அதுக்கு முன்னால பகவதி அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடணும்னு தோணுச்சு. எப்படிக் கேக்க? அதான் ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன்." அடுத்த படத்துக்குத் தள்ளினாள். "இது மறுநாள், வியாழக்கிழமை. அவர் அனுப்புனது."

உலகம்மை தன் கருவியை எடுத்து இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கப் போனாள்.

"அதெல்லாம் வேண்டாம். ரெண்டும் வேற. வியாழக்கிழமைக்குப் பொறவு எல்லாமே இதுதான்" என்றாள் இராசகனி.

உலகம்மை அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு நாப்பது பேருக்கு இ.சி.ஜி. எடுக்கேன். ஒருத்தரோட ஒரு துடிப்பு மாதிரி அவரோட அடுத்த துடிப்பே இருக்காது. வெள்ளிக்கிழமை அவர் போனைப் பார்த்தேன். சனிக்கிழமை பார்த்தேன். அடுத்த வாரம் பூராவும் பார்த்தேன். அதே துடிப்பு."

"அப்பவே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமேக்கா."

"யாரு, நானா?" இராசகனி சிரித்தாள், அது சிரிப்பு மாதிரி இல்லை. "முந்தின வாரம் என்னை வேண்டாம்னு சொன்னவர்கிட்ட போய், உங்க வீட்டுக்காரி செத்துட்டாங்கன்னு நான் சொல்லணுமா? அந்தப் பஸ்ல ஒருத்தர் நம்புவாங்களா? அவ்வளவு ஏன், எனக்கே என்னை நம்ப முடியலை. நான் ஆசைப்படுறதாலதான் என் கண்ணுக்கு அப்படித் தெரியுதோன்னு எத்தனை நாள் பயந்திருக்கேன்."

டிபன் பாக்ஸை மூடினாள். அதில் பாதிச் சோறு இருந்தது.

"ஒரே ஒரு தடவை இல்லத்துக்குப் போன் போட்டேன். நீங்க அவங்களுக்கு என்ன உறவுன்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னேன். எங்க திரையில நல்லாத் துடிக்குதும்மான்னு சொல்லி வச்சிட்டாங்க."

படங்களை அனுப்பிக் கொடுத்தாள். தேதியை மட்டும் அவரிடம் சொன்னால் போதும், தனக்கு முன்னமே தெரியும் என்பதைச் சொல்ல வேண்டாம் என்று உலகம்மையின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். உலகம்மை சரி என்றாள்.

மறுநாள் மத்தியானம் அவள் அம்பாசமுத்திரம் போனாள். ஆவுடையப்பன் டெப்போவில் இருந்தார். மை போட்ட தலை வேரோரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. புதன்கிழமை காலை ஆறு பன்னிரண்டுக்கும் வியாழக்கிழமை காலை ஆறு பன்னிரண்டுக்கும் நடுவில் என்று உலகம்மை சொன்னாள். அவர் பைக்குள்ளிருந்து பழைய பஞ்சாங்கம் ஒன்றை எடுத்தார். அந்த வருஷத்துப் பஞ்சாங்கம். எங்கோ தேடி வாங்கி, தயாராக வைத்திருந்தார். விரலை ஓட்டிப் பார்த்தார்.

"தேய்பிறை தசமி. புதன் விடியறதுக்கு முன்னால பிறந்து, வியாழன் ஏழு மணி வரைக்கும் இருந்திருக்கு. அப்ப எந்த நேரம் போயிருந்தாலும் தசமிதான்." பஞ்சாங்கத்தை மூடினார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு அந்தக் கிழமை உறைத்திருக்க வேண்டும். "வியாழக்கிழமை" என்றார். "வியாழக்கிழமைதான் நான் அவங்ககிட்ட..."

ஒரு பஸ் பின்பக்கமாக வந்து, திரும்பி, வெளியே போனது. அது போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க வேற ஏதும் சொன்னாங்களா தாயி?"

உலகம்மை இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்ல வரவில்லை. தெரிந்ததைச் சொல்லவும் அவளுக்கு உரிமை இல்லை.

அவர் அவளை வற்புறுத்தவில்லை. தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்.

"அதுக்கு அடுத்த வாரத்துக்குப் பொறவு அவங்க என் போன் பக்கம் திரும்பவே மாட்டாங்க. துடிப்பு வர்ற நேரத்துக்கு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, முந்தானையை வாயில வச்சுக்கிடுவாங்க. நான் வேண்டாம்னு சொன்ன வருத்தம்னு நெனச்சேன். ரெண்டு மாசமும் அப்படித்தான் நெனச்சேன்." பஞ்சாங்கத்தைப் பைக்குள் வைத்தார். "இ.சி.ஜி. எடுக்கிற பிள்ளை. தெரியாம இருக்குமா?"

உலகம்மைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதுவே அவருக்குப் பதிலாகப் போயிற்று.

"ஒரு உபகாரம் பண்ணுங்க. வர்ற ஆவணித் தசமிக்குப் பாபநாசத்துல வச்சுத் திதி கொடுக்கப்போறேன். அவங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"வருவாங்களா அண்ணாச்சி?"

"வரணும்னு இல்லை தாயி. சொல்லிரணும்" என்றார் ஆவுடையப்பன். "ஆறு வருஷமா பகவதிக்குத் துக்கம் காத்தது அந்தப் பிள்ளை ஒண்ணுதான்."